மாதம்மாளின் குறட்டையும் பஸ் சாவியும்

தருமபுரியிலிருந்து மலையடிவாரம் வரை போகும் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டுபவள் மாதம்மாள். அந்த ரூட்டில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண். அவள் எப்போது சறுக்குவாள் என்று பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் காத்துக் காத்து அவர்களுக்குத்தான் தலை நரைத்தது.

சறுக்கல் கிடைக்காதவர்களுக்குக் கடைசியில் குறட்டை கிடைத்தது. மத்தியான டிரிப் முடிந்து ஷெட்டில் கால் மணி நேரம் அவள் கண்ணயர்ந்தால் போதும், தகரக் கூரை அதிரும். ஒரு நாள் டிரைவர்கள் கூடி நின்று சிரித்தார்கள். மாதம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆம்பளை குறட்டை விட்டா அசதி, நான் விட்டா அதிசயமா? போங்கடா, போய் வண்டியக் கழுவுங்க!"

வாய் அப்படிப் பேசினாலும் காலையில் எழும்போதே தலை கனத்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்கூடக் கண் செருகியது. வயசாகிறது, வேறென்ன என்று அவள் அதை உதறித் தள்ளினாள்.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? கணவன் பச்சியப்பன் தங்கமான மனுஷன். மூக்கில் ஒட்டும் பட்டை வாங்கித் தந்தான். ஒருக்களித்துப் படுக்க முதுகில் தலையணை முட்டுக் கொடுத்தான். குறட்டை எதற்கும் மசியாதபோது பொறுத்துக்கொண்டான். "பாவம், நடுநடுவுல அதுவே நின்னுடும். அந்த நேரத்துல நான் தூங்கிக்குவேன்" என்று பெருமையாக வேறு சொல்வான். தம்பி மாதேஷ் அவசரக்குடுக்கை. "உள்நாக்கை வெட்டிட்டா சத்தமே இருக்காதுக்கா" என்று, ஒரு சோதனையும் செய்யாமல், ஏதோ ஒரு நர்சிங்ஹோமில் ஆபரேஷனுக்குத் தேதியே வாங்கிவிட்டான்.

மூன்றாமவன் கண்டக்டர் ஜபருல்லா, அதே பஸ்ஸில் அவளோடு வேலை பார்க்கும் ஜோடி. பஸ்காரர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தன் ஜோடியைப் பற்றி முதலாளியிடம் வாயே திறக்கக் கூடாது.

ஒரு புதன்கிழமை காலை, புளியமர வளைவில் மாதம்மாளின் தலை சாய்ந்தது. முன் டயர் மண்ணில் இறங்கியது. ஜபருல்லா விசிலை விடாமல் ஊதினான். அவள் திடுக்கிட்டு விழித்து வண்டியை மேலே ஏற்றிவிட்டாள். ஏதோ பள்ளம் என்று நினைத்துப் பயணிகள் ரோடு போட்டவனைத் திட்டியதோடு சரி.

மறுநாள் அவள் வந்தபோது பஸ் சாவி முதலாளியின் மேசையில் இருந்தது. ஜபருல்லா பக்கத்தில் நின்றான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. தூங்குறப்ப உனக்கு மூச்சே நிக்குது. ஷெட்டுல நான் பார்த்திருக்கேன். டெஸ்ட் எடுத்துட்டு வா."

"பன்னெண்டு வருஷ ஜோடி. நீயாடா காட்டிக்கொடுத்தே?"

மாதம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்டியரிங் கைவிட்டுப் போனால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதைவிட, சிரிக்க வழிவிட்டவன் இவன் என்பதுதான் அவளுக்கு வலித்தது.

இனிப் பஞ்சாயத்து உங்களுடையது. கணவன் பொறுத்துக்கொண்டான், தம்பி வெட்டத் துணிந்தான், ஜோடி வழக்கத்தை மீறிக் காட்டிக்கொடுத்தான். மூவருக்கும் அவள்மேல் பாசம்தான். இதில் யார் செய்தது சரி?

விடை: ஜபருல்லா செய்ததுதான். பச்சியப்பன் நிம்மதியாகத் தூங்கிய அந்த அமைதியில்தான் ஆபத்து இருந்தது; அப்போது அவளுக்கு மூச்சே ஓடவில்லை. மாதேஷ் சத்தத்தை வெட்டப் பார்த்தான், நோயை அளக்கவில்லை. ஜோடிச் சட்டத்தையோ, பின்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பேரைக் கேட்டு யாரும் போடவில்லை. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு முப்பத்தெட்டு முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. லேசான கோளாறு என்றால் எடையைக் குறைப்பதும் பல்லில் மாட்டும் கருவியும் போதும், இதற்கு மாஸ்க் வழியாகக் காற்றுத் தரும் மெஷின்தான் முதலில், கத்தியைப் பிறகு யோசிக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் அந்த மெஷினை மாட்டித் தூங்கிய பிறகு, வண்டி ஓட்டலாம் என்ற அவருடைய கையெழுத்தோடு வந்து மாதம்மாள் சாவியை எடுத்தாள். நேராக ஜபருல்லாவிடம் போனாள். "நீ பண்ணது சரின்னு டாக்டர் சொல்லட்டும், ஊரே சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். பையை எடுத்துட்டு ஏறுடா, வேற கண்டக்டர் வந்தா நான் வண்டியை எடுக்க மாட்டேன்!"