வேலிக்குள் வந்த வெட்சி

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் வாய் இருந்தது. நின்று கேட்கத்தான் மனிதருக்கு நேரமில்லை. வெட்சி அப்போது மலைச்சரிவில் மட்டுமே இருந்தாள். கொத்துக் கொத்தாகச் சிவக்கப் பூப்பாள். பூ உதிர்ந்தால் சின்னச் சின்னப் பழமாகப் பழுப்பாள். அதைத் தின்கிற கொண்டைக்குருவி சரிவெங்கும் விதையைப் போட, குட்டி வெட்சிகள் முளைக்கும். முளைத்ததும் அடிவாரத்து மசக்காளின் ஆடுகள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும்.

வெட்சி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அக்கா, உங்க ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டக்கூடாதா? என்ற புள்ளைங்க ஒண்ணுகூடத் தங்கமாட்டேங்குதுங்க."

மசக்காளுக்கு அந்தப் பூவின் மேல் வெகுநாளாகவே ஒரு கண்.

"நீ எங்க வாசலுக்கு வந்துரு கண்ணு. வேலி போட்டுத் தண்ணி ஊத்தறேன். ஆனா வருசம் பூராப் பூக்கோணும். காய் பிடிச்சா பூ குறையும், அதனால காய் மட்டும் ஆகாது."

"என்ற புள்ளைங்க?"

"நீ வந்துட்டா இந்தச் சரிவுல என்ற ஆடு வாய் வெக்காது. சத்தியம்!" என்று இலையில் கையடித்தாள்.

"போகாதேக்கா," என்று குருவி தலையில் அடித்துக்கொண்டது. பெற்றவள் கேட்பாளா? தன் சூலைக் கிள்ளி எடுத்தாள். அதிலிருந்த விதையையெல்லாம் குருவியிடம் கொடுத்து, "இதுகளைக் கரை சேர்த்துரு," என்றாள். அதன்பின் வேரோடு மசக்காளின் இடுப்பில் ஏறிப் போனாள்.

வாசலில் ராஜ வாழ்வுதான். குடம் குடமாகத் தண்ணீர். சொன்னபடி விடாமல் பூத்தாள். பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கிளை ஒடித்துக்கொண்டு போய் நட்டார்கள். ஊரில் வெட்சி இல்லாத வாசலே இல்லை.

ஒரு கோடையில் அடிவாரம் காய்ந்தது. ஆடுகள் பசியில் கத்தின. மசக்காளுக்குச் சத்தியம் மறக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள், செக்கச்செவேலென்று பூ. வெட்சிக்கு என்ன குறைச்சல் என்று நினைத்துக்கொண்டு ஆடுகளைச் சரிவில் ஏற்றினாள்.

கொண்டைக்குருவி அலறிக்கொண்டு வந்தது.

"அக்கா, எல்லாம் போச்சு. சரிவுல ஒரு குருத்துகூட இல்லை."

"கையடிச்சுச் சொன்னீங்களே!" என்று வெட்சி கதறினாள்.

"எதுக்குக் கண்ணு அழுவறே? ஊரு பூரா நீதானே நிக்கறே?" என்றாள் மசக்காள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரே ஒரு காயாவது பிடித்து மலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வெட்சி உயிரைக் கொடுத்து முக்கினாள். கிள்ளிப் போட்ட சூல் எங்கிருந்து வரும்? வந்ததெல்லாம் பூ. முன்னைவிட இரண்டு பங்கு பூ.

"சந்தோசத்தைப் பாரு இதுக்கு!" என்று சொல்லிக்கொண்டே மசக்காள் கொத்தாகப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் வாசல் வெட்சி இலை தெரியாமல் பூத்தும் காய் பிடிப்பதில்லை. மலையில் அவளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஆட்டுப் புழுக்கைதான் கிடைக்கிறது.