முழங்கால் தண்ணீர்

"முழங்கால் தண்ணிக்கெல்லாம் பாலமா?" என்று அமைச்சர் சிரித்தார். "ஓடையில இறங்க முடியலைன்னு ஒரு பெரிய மனுஷன் சொல்லட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

மனுவோடு வந்திருந்த ஊராட்சித் தலைவி செங்கமலம், "சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். இவ்வளவுதானா இவள் என்று நினைத்தார் அமைச்சரின் உதவியாளர் தணிகாசலம்.

ஐப்பசி மழையில், அமைச்சருக்குப் பாராட்டு விழா என்று அவளிடமிருந்து அழைப்பு வந்தது. போய் இறங்கினால், பந்தல், மேளம், ஆளுயர மாலை, ஊர் ஜனம் எல்லாம் ஓடைக்கு அக்கரையில்! இக்கரையில் காரும் பத்திரிகைக்காரர்களும்தான்.

வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அமைச்சர் கத்தினார்: "இதுல மனுஷன் எப்படிம்மா இறங்குவான்?"

அக்கரையில் செங்கமலம் மைக்கைப் பிடித்தாள். "பெரிய மனுஷரே சொல்லிட்டாரு. எல்லாரும் கைதட்டுங்க!"

தன்னையறியாமல் தணிகாசலமும் தட்டினார். கேமராக்களுக்கு நடுவே, கார் பானெட்டின் மேலேயே பாலத்துக்கான மனுவில் கையெழுத்தானது.

அடுத்த சட்டசபைத் தேர்தலில் அமைச்சரை எதிர்த்து நின்றவள் செங்கமலம். ஓட்டுக் கேட்க அமைச்சர் அக்கரைக்குப் போனார். வேட்டி நனையவில்லை. அவள் வாங்கித் தந்த பாலத்தின் மேல் ஊரே பார்க்க நடந்துபோய், அவளைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினார்.