பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் நடுவே

"கடைசியா வர்றதைவிடக் கேவலம் வேற ஏதாவது இருக்கா மேடம்?"

கேட்டவர் தணிகாசலம். வயது நாற்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். இருபத்துநாலு வருஷமாக விசில் ஊதி மற்றவர்களை ஓடவிட்டு, தான் வேப்பமர நிழலில் நின்ற மனுஷன்.

யாரிடம் கேட்டார் என்றால், பிலோமினாவிடம். அவரைவிடப் பதினாறு வயது சின்னவர். ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் ஓட்டம் சொல்லிக்கொடுப்பவர்.

ஜவ்வாது மலையில் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நாலு மாசப் பயிற்சி. பதினாறு ஞாயிற்றுக்கிழமையில் தணிகாசலம் வந்தது மூன்று.

"எனக்கு எதுக்கு மேடம்? ரத்தத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுவார்.

ரத்தத்தில் என்ன இருந்தது என்பது இன்று காலை நாலாவது கிலோமீட்டரிலேயே தெரிந்துபோயிற்று. தொடை இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன.

பத்தாவது கிலோமீட்டரில் ஒரு பெண் அவரைத் தாண்டினாள். ஒரு காலத்தில் "சோம்பேறி" என்று சொல்லி அவர் வெயிலில் நிறுத்திவைத்த மாணவி. இப்போது இரண்டு குழந்தைக்குத் தாய்.

"மெதுவாவே வாங்க சார்" என்றாள். கிண்டலே இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பதின்மூன்றில் பாதை தார்ரோட்டைத் தொடும். அங்கே உட்கார்ந்திருந்தவர் அவர் நம்பருக்கு நேரே டிக் போட்டார்.

"உங்களுக்குப் பின்னால ஓடுறவங்க யாரும் இல்ல சார்."

அடுத்த வளைவில் பலாப்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று வந்தது. தணிகாசலம் கையைக் காட்டினார். நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அங்கே பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். பைக்கும், பைக் பெட்டிக்குள் போனும் மேலே ஓட்டம் முடிகிற மைதானத்திலேயே கிடந்தன. எல்லாரும் கிளம்பிய பிறகு போய் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீடு சேரலாம் என்று நினைப்பு.

பஸ் பிடித்து மேலே வந்தால், மைதானம் காலி. பைக் ஒற்றையாக நின்றது. பக்கத்தில் தரையில் பிலோமினா, மடியில் பெயர்ப் பட்டியலோடு.

அவரைப் பார்த்ததும் பிலோமினா கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தார் தணிகாசலம். திட்டவில்லை. அந்தத் தைரியத்தில்தான் கேட்டது, கேவலம் பற்றி.

பிலோமினா விரலை உயர்த்தி மலையைக் காட்டினார்.

"கேளுங்க சார்."

காற்றில் ஏதோ குரல். முதலில் மாடு மேய்ப்பவர்கள் என்றுதான் நினைத்தார். அப்புறம் தெளிவாகக் கேட்டது.

"தணிகாசலம்... தணிகாசலம்..."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "இப்படியா மேடம் கிண்டல் பண்ணுவாங்க?"

"அஞ்சு மணி நேரமா பண்றாங்க."

பட்டியலை அவர் பக்கம் திருப்பினார் பிலோமினா.

"பதின்மூணுல டிக் இருக்கு. பதினாறுல இல்ல. பைக் இங்கயே நிக்குது. நடுவுல பள்ளம், பள்ளத்துல சுனை. கடைசி ஆளுக்குப் பின்னால, கொஞ்சம் தள்ளி வந்தது நான்தான். உங்களை எங்கயும் பார்க்கல."

தணிகாசலம் பாக்கெட்டில் இருந்த நம்பரைத் தொட்டுப் பார்த்தார்.

விலகுகிறவர்கள் சொல்லிவிட்டு விலக வேண்டும். முதல் ஞாயிறே சொன்னது. அன்றைக்கு அவர் வந்திருந்தார். விலகுவது தன் கதை இல்லை என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு..."

"இன்னும் சொல்லல. ஆறு மணி வரைக்கும் பார்க்கலாம்னு."

"மேல இருக்கிறவங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க மேடம்."

"அங்க சிக்னல் கிடையாது."

"யாரையாவது அனுப்பலாமே?"

"எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"நீங்க..."

"போறேன். மூணு தடவை போய்ட்டு வந்தாச்சு. நாலாவதா போறதுல என்ன?"

எழுந்து ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். குதிகாலில் சாக்ஸ் ரத்தமாக இருந்தது.

"நீங்க உட்காருங்க மேடம். நான் போறேன்."

பிலோமினா மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மைதானத்துக்குப் பின்னால் மாட்டுத்தடம். அதில் ஏறினால் சுனைக்கு இரண்டு கிலோமீட்டர். காலையில் கெஞ்சிய தொடை இப்போது கத்தியது. தணிகாசலம் ஓடினார், நடந்தார், இரண்டு இடத்தில் தவழ்ந்தார். மேலே இருந்து அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவருக்கு உடம்பு கூசியது.

பாறை மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மலைக்காரர். தோளில் ஒரு துணிப்பை. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நீயும் தேடத்தான் வந்தியா சார்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஆமா."

"என் பேரு வெள்ளையன். காலையில பதினாறுல தண்ணி குடுத்துக்கிட்டிருந்தேன். யாரோ வாத்தியாராம், தணிகாசலம்னு பேரு. மூஞ்சி தெரியாது. நீ கொஞ்சம் கூப்பிடு சார், எனக்குக் குரல் போச்சு."

என்ன செய்வார் மனுஷன்? பள்ளத்தைப் பார்த்து, தன் பெயரைத் தானே கூப்பிட்டார்.

"தணிகாசலம்..."

கீழே இருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஆளு கிடைச்சுட்டாரா?"

"இல்லம்மா" என்றார் வெள்ளையன். "இன்னொருத்தர் தேட வந்திருக்காரு. நல்ல மனுஷன்."

தணிகாசலத்துக்கு அந்தப் பாறை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. இப்படியே தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போகலாம். பிலோமினா எப்படியோ சொல்லிக்கொள்வார். வெள்ளையனுக்குத் தன் முகம் தெரியாது.

"எங்கெல்லாம் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"எல்லா இடமும் பார்த்தாச்சு. சுனைதான் பாக்கி. அதோ, என் மச்சான் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு. ஆழம் யாருக்கும் தெரியாது. அடியில பாறை வேற."

தணிகாசலம் பார்த்தார். கறுத்த தண்ணீர் ஓரத்தில் ஒரு ஆள், பயத்தை மறைக்கக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். கயிற்றின் மறுமுனையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

"இறங்க வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்?"

பாக்கெட்டில் இருந்து கசங்கிய நம்பரை எடுத்து நீட்டினார்.

"அது நான்தான். வெட்கப்பட்டுக்கிட்டு லாரியில ஏறி ஓடிப்போயிட்டேன். இப்ப உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

வெள்ளையன் நம்பரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்தார்.

அப்புறம், இல்லாத குரலை எங்கிருந்தோ கொண்டுவந்து பள்ளத்துக்குள் கத்தினார்.

"ஆளு இருக்காரு. கயித்தை அவுத்துடு."

கீழே யாரோ அழுதார்கள். யாரோ சிரித்தார்கள். யாரும் ஏசவில்லை.

தணிகாசலம் கைகூப்பினார். "ரெண்டு வார்த்தை திட்டிடுங்க. மனசு ஆறும்."

வெள்ளையன் துணிப்பையை அவிழ்த்து ஒரு பாட்டிலை எடுத்தார். நிறையத் தண்ணீர். மூடிகூடத் திறக்கவில்லை. அவர் உதடோ காய்ந்து வெடித்திருந்தது.

"காலையிலேருந்து கத்துறீங்க. நீங்க குடிக்கலையா?"

"எப்படிக் குடிக்கிறது?" என்றார் வெள்ளையன். "கிடைக்கிறப்ப உனக்குத் தாகமா இருக்குமே."