குழாய்த் திறப்பு விழாவுக்குப் போன கேமரா

புளியங்கட்டளையிலிருந்து 'சாயங்காலச் சங்கு' என்று ஒரு மாலைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் இன்னாசி, தவசிமுத்து, குழந்தைவேலு என்று மூன்று பயிற்சி நிருபர்கள். இவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. வேலைக்கு மனுப் போட்டதே மூன்று பேர்தான்.

பத்திரிகையின் போட்டோகிராபர் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். ஆசிரியர் ஆவுடையப்பன் கேமராவை எடுத்து இன்னாசியின் கழுத்தில் மாட்டினார்.

"நாளைக் காலையில ஏழு மணிக்குப் புதுக் குடிதண்ணிக் குழாயை நகராட்சித் தலைவர் திறக்காரு. முதல் பக்கத்துக்குப் படம் வேணும். கிட்டே போய் எடு. முக்கியமான ஆளை நட்டநடுவுல நிறுத்தாதே, கொஞ்சம் ஓரமா வை. சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கணும். ஆனா உன் நிழல் படத்துல விழக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணாச்சி."

"படம் வரலேன்னா மூணு பேரும் அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிருங்க."

இன்னாசி கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நிருபர் மாப்பிள்ளை என்றுதான் அவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலைகூட ஒருமுறை வாசித்தாகிவிட்டது.

மறுநாள் காலை, தலைவர் கோதண்டம் சலவைச் சட்டையில் குழாயடியில் நின்றார். இன்னாசி கிட்டே போனான். இன்னும் கிட்டே போனான்.

"எம்புட்டு தூரம்லே போவே?" என்றான் தவசிமுத்து.

"எங்க நிக்கணும்னு அண்ணாச்சி சொல்லலையே."

கேமரா தலைவரின் நெஞ்சில் முட்டியது. அதற்கு மேல் போக வழி இல்லாததால் அமுக்கினான். படத்தில் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்திருந்தது. நல்ல தெளிவான பொத்தான்.

"பொத்தானை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்களா?" என்று குழந்தைவேலு யோசித்தான்.

"அவரு வீட்டம்மா கண்டுபிடிச்சிருவாங்க. ஆனா பத்திரிகையை அவங்க மட்டுமா வாங்குதாங்க?"

நியாயமாகப் பட்டது. அடுத்த பாடத்துக்குப் போனார்கள்.

"தலைவரே, நடுவுல நிக்காதீங்க. ஓரமாப் போங்க."

தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏன் தம்பி? இதுவரைக்கும் எல்லாப் படத்துலயும் நான்தானே நடுவுல?"

"அதான் ஒண்ணும் தேறலை. முக்கியமான ஆள் நடுவுல நிக்கவே கூடாது."

'முக்கியமான ஆள்' என்றது தலைவருக்கு இனித்தது. நகர்ந்துகொண்டார். காலியான இடத்தில் முன்னாள் தலைவர் மூக்கையா வந்து நின்று, குழாய்மேல் கையையும் வைத்தார்.

"எலே, நடுவுல ஒருத்தர் நிக்காரே?" என்றான் குழந்தைவேலு.

"அவரு போன எலெக்‌ஷன்ல தோத்தவரு. முக்கியமான ஆள் இல்ல. நிக்கலாம்."

மூக்கையா காதில் விழுந்தது. ஆனால் கிடைத்த இடத்தை விட்டு நகர அவர் என்ன முட்டாளா?

இன்னாசி சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் நிழல் போய்க் குழாயடியில் விழுந்தது. கேமரா தவசிமுத்து கைக்குப் போனது. அவன் நிழல் விழுந்தது. குழந்தைவேலு வாங்கிப் பார்த்தான்.

"மூணு பேருக்குமே நிழல் இருக்குலே!"

"சட்டுனு எடுங்கப்பா, தண்ணி பிடிக்கணும்" என்று குடங்கள் முணுமுணுத்தன.

குழந்தைவேலு கண்ணை மூடி யோசித்தான். "அண்ணாச்சி என்ன சொன்னாரு? 'உன் நிழல்' விழக் கூடாது. இது யாரு படம்? தலைவர் படம். அதுல தலைவர் நிழல் விழுந்தா யாரு கேக்கப்போறா?"

மற்ற இருவரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கேமராவைத் தலைவர் கையில் கொடுத்தார்கள்.

"எதை அமுக்கணும் தம்பி?" என்று ஆசையாகக் கேட்டு, தலைவர் அமுக்கினார். மூக்கையா குழாயைத் திறந்தார்.

ஆவுடையப்பன் படத்தைப் பார்த்தார். "இது மூக்கையால்லா? தலைவர் எங்கலே?"

"அதோ, தரையில கிடக்காரு அண்ணாச்சி."

அச்சு இயந்திரம் காத்திருந்தது. வேறு படம் இல்லை. ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டே அதை அனுப்பிவிட்டு, "சாயங்காலம் பஸ் ஏறுங்க" என்றார். படத்தின் கீழே இன்னாசி எழுதியிருந்தபடியே அச்சாகியது: 'நடுவில் முன்னாள் தலைவர் மூக்கையா. தரையில் தலைவர் கோதண்டம்.'

மாலையில் கோதண்டம் பத்திரிகையும் கையுமாக வந்து இறங்கினார். மூவரும் பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஆசிரியர் கும்பிட்டபடி எழுந்தார்.

"ஆவுடையப்பன், இதை எடுத்தது நான்தான், தெரியும்லா?" என்றார் தலைவர். "ஒரே ஒரு குறை. மூக்கையா பக்கத்துல நான் கொஞ்சம் குட்டையாத் தெரியுதேன். நாளைக்கு விடிஞ்சதும் மறுபடி திறந்துருவோம். சூரியன் தாழ இருந்தா இன்னும் நீளமா விழுவேன்லா? அந்தத் தம்பிகளையே அனுப்புங்க."

இன்னாசியின் கல்யாணம் பிழைத்தது.

விடிந்ததும் குழாயை மூடி, மாலை போட்டு, கூட்டம் சேர்த்தார்கள். முதல் ஆளாகத் தலைவர் வந்து நின்றார். வானம் மூட்டமாக இருந்தது. மூவரும் தரையை உற்றுப் பார்த்தார்கள். தலைவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தும் பார்த்தார்கள்.

அன்றைய 'சாயங்காலச் சங்கு' பத்திரிகையின் முதல் பக்கச் செய்தி: 'குழாய் மறுதிறப்பு விழா. தலைவர் கோதண்டம் வரவில்லை.'