வெள்ளைப் பேண்ட் இன்ஜினியர்

பெருந்துறை மஞ்சள் குடோனில் டிரைவர் லீவு போட்ட அன்றுதான், மூட்டை தூக்கும் பேட்டரி வண்டியைச் சோதிக்க இன்ஜினியர் ஞானவரதன் வந்தார். வெள்ளைப் பேண்டில் கறை படுமென்று வண்டியில் ஏறாமல், தரையில் நின்றபடியே சாவியைத் திருப்பி லிவரை இழுத்தார். வண்டி அசையவில்லை.

“பேட்டரி செத்துப்போச்சு. இதுக்குத் தண்ணி ஊத்தறது யாரு?”

“நானுங்க,” என்றாள் குடோனில் வேலை செய்யும் மயிலாத்தா.

“குழாய்த் தண்ணியை ஊத்திக் கெடுத்துட்டா. இவளை வேலையை விட்டு நிறுத்துங்க,” என்று முதலாளி முன்னாலேயே ரிப்போர்ட் எழுதினார்.

“பேட்டரிக்குன்னு விக்கற பாட்டில் தண்ணிதானுங்க ஊத்தினேன். வண்டி ஏன் நிக்குதுன்னா…”

“வாயை மூடு!”

பேட்டரியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழி போட என்ன படிப்பு படிக்க வேண்டுமோ!

மயிலாத்தா வண்டியின் சீட்டைத் துடைத்துவிட்டாள். “நின்னுட்டே திட்டினா கால் வலிக்குமுங்க. உட்கார்ந்து திட்டுங்க சார்.”

“இந்தப் பணிவு முதல்லயே இருந்திருக்கணும்,” என்று உட்கார்ந்து, மறுபடி சாவியைத் திருப்பி லிவரை இழுத்தார். உர்ரென்று இரும்புக் கைகள் மேலே போயின.

“சீட்ல ஆள் உட்கார்ந்தாத்தான் கரண்ட் விடுமுங்க. தினமும் பார்க்கறேன்.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“வாயை மூடச் சொன்னீங்களே!” முதலாளியிடம் திரும்பினாள். “ரிப்போர்ட்ல என் பேரை அடிச்சுட்டு, இவரு பேண்டை எழுதச் சொல்லுங்க.”

முதலாளி பேனாவை இன்ஜினியரிடம் நீட்டினார்.