துயர் தராதவள்

ரோமாபுரியின் ஆட்சிக்குக் கீழே, கிரேக்கம் பேசிய ஒரு கடலோரப் பட்டணத்தில் திரிபோன் என்ற கல்லெழுத்தர் இருந்தார். அம்மியா அவருடைய சீடப்பெண். வயது நாற்பத்தைந்து. அதற்கு முன் பெரிய வீடொன்றில் செவிலியாக இருந்தவள். அவள் பால் கொடுத்து வளர்த்த கிளாடியா அப்பியா, மூன்றாவது பிரசவத்தில் இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

அவளுடைய கல்லறைக் கல் இவர்கள் பட்டறைக்கே வந்தது. பன்னிரண்டு வரி. பதினொன்றைத் திரிபோன் வெட்டி முடித்துவிட்டார். கடைசி வரி அம்மியாவின் பங்கு.

அவள் உளியைத் தொடவில்லை.

“ஐயா, இவ்வளவு எழுத்தில் என் பிள்ளை எங்கே இருக்கிறாள்?”

எழுத்துக்குப் பூசும் சிவப்புச் சாயத்தை அவர் நீட்டினார். “அவளுக்கே உரிய சொல்லுக்கு மட்டும் பூசு.”

அம்மியா முதல் வரிக்குப் போனாள். “கிளாடியா.”

“அவள் பாட்டனுக்கு ரோமக் குடியுரிமை தந்த பேரரசரின் பெயர்.”

“அப்பியா.”

“அப்பனைப் பெற்றவள் பெயர். அந்தக் கிழவியின் கல்லையும் நான்தான் வெட்டினேன்.”

“கோயில் பூசாரிணி.”

“தகப்பன் வாங்கிக் கொடுத்த பதவி.”

“உடற்பயிற்சிக் கூடத்துக்கு எண்ணெய் வழங்கிய வள்ளல்...” அம்மியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவளா? இவள் தலைக்கு எண்ணெய் வைக்க வீடு முழுக்க நான் துரத்த வேண்டும், ஐயா!”

சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

மீதி வரிகளெல்லாம் கணவனும் அவன் முன்னோரும். தூரிகையில் சாயம் காய்ந்தது. கல்லில் ஓர் எழுத்தும் சிவக்கவில்லை.

கடைசி வரியைத் திரிபோன் கரியால் எழுதி வைத்திருந்தார். ஊரில் எல்லாக் கல்லிலும் போடுகிற வரிதான்: ‘எவருக்கும் துயர் தராதவளே, போய் வா.’

“இதை வெட்ட மாட்டேன். எட்டு நாளாய் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இவள் எவருக்கும் துயர் தரவில்லை என்றால், நான் யார்?”

“நீ வெட்டாவிட்டால் வேறு பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். இவளைத் தூக்கி வளர்க்காத கை வெட்டும்.”

அம்மியா தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு உளியை எடுத்தாள். கரியெழுத்தின் மேல் அதன் முனையை வைத்தாள்.

“பொய் என்று தெரிந்தே எப்படி ஐயா வெட்டுவது?”

“ஆழமாக வெட்டாதே. மழை அந்த வரியைத்தான் முதலில் அழிக்கும்.”

“எத்தனை மழைக்கு அழியும்?”

திரிபோன் கல்லைத் தடவிப் பார்த்தார். விலையுயர்ந்த சலவைக்கல்; லேசில் தேயாது.

“அது அழிவதற்குள் நீயும் போய்ச் சேர்ந்திருப்பாய், அம்மியா. அப்போது அது பொய்யாகவும் இருக்காது.”