உண்ணி எங்கள் மலைக்கு வந்த விதம்

அந்தக் காலத்தில், மாடும் மனிதரும் பூச்சியும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டபோது, உண்ணி பனித்துளி குடித்துத்தான் உயிர் வாழ்ந்தது. ஏழு மலைக்கு அப்பால் இருந்த ஒரு புல்வெளிதான் அதன் ஊர். எங்கள் மலையில் அப்போது ஓர் உண்ணிகூடக் கிடையாது.

ஒரு வருஷம் இங்கே மழை பொய்த்தது. மாதி என்பவள் தன் செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு அந்தப் புல்வெளிக்குப் போய் நான்கு மாதம் தங்கினாள். மத்தியானத்தில் செவலை படுத்து அசைபோடும் இடத்துக்குப் பக்கத்துப் புல்லில் உண்ணி இருந்தது. பசுவின் மூச்சு வெதுவெதுப்பாக அதன்மேல் படும். இரண்டும் பேசிப் பேசிச் சிநேகமாயின.

மலையில் மழை பெய்த சேதி வந்ததும் மாதி புறப்பட்டாள்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போ," என்றது உண்ணி.

"அங்கே உன் சனம் யாருமில்லை. ஏங்கிப் போவாய்," என்றது செவலை.

"இங்கே இருந்தாலும் ஏங்கத்தான் போகிறேன்."

செவலை காதைத் தாழ்த்தியது. உண்ணி அதற்குள் ஏறிக்கொண்டது.

காதுக்குள் பனித்துளி ஏது? மூன்று நாள் உண்ணி தாகத்தில் கிடந்தது. நான்காம் நாள் பசு ஓர் ஆற்றை நீந்திக் கடந்தது. காதுக்குள் புகுந்த தண்ணீர் உண்ணியை வெளியே இழுத்தது. பிரிந்துவிடுவோமே என்ற பயத்தில் அது வாயால் கவ்விப் பிடித்தது. இரத்தம் வந்தது. தாகம் அடங்கியது. கரையேறிய பிறகும் அது வாயை எடுக்கவில்லை.

செவலைக்கு வலித்தது. சிநேகிதியாயிற்றே என்று பொறுத்துக்கொண்டது.

வீடு சேர்ந்தபோது பசுவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. எழுந்து நிற்கவும் முடியவில்லை. தடவிப் பார்த்த மாதியின் விரலில், ஆமணக்கு விதைபோல் ஊதியிருந்த உண்ணி தட்டுப்பட்டது.

"யார் நீ?"

"இவளுடைய சிநேகிதி. பிரிய மனசில்லாமல் வந்தேன்."

"அதற்காக இவள் சாகணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் மாதி. உண்ணியைப் பிடுங்கிக் காட்டோரப் புல்லில் விட்டாள்.

செவலை பிழைத்தது. மாதி அதை அந்தப் பக்கம் மேய்க்கவேயில்லை. பசு சில சமயம் அந்தத் திசையைப் பார்த்து நிற்கும். மாதி கழுத்தில் கைவைத்ததும் நடந்துவிடும்.

உண்ணிக்கு ஊர் திரும்ப வழி தெரியாது. வரும் காலடியெல்லாம் செவலையோ என்று புல் நுனியில் முன்னங்கால்களை விரித்துக் காத்திருந்தது. துணையில்லாமலே முட்டையிட்டது. ஆயிரம் குஞ்சுகள் பிறந்தன. "அவள் வருவாள். வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், விடாதீர்கள்," என்று அவற்றிடம் சொல்லிவிட்டுச் செத்தது.

குஞ்சுகள் செவலையைக் கண்டதில்லை. மானைப் பிடித்தன, ஆட்டைப் பிடித்தன, விறகுக்குப் போன மாதியின் புருஷன் கேத்தனையும் பிடித்தன. அவை போன இடமெல்லாம் காய்ச்சலும் போயிற்று. பன்னிரண்டாம் நாள் கேத்தன் இறந்தான்.

அதன் பிறகு மாதி சாயங்காலமானால் விறகுப் பாதையைப் பார்த்தபடி வாசலில் நிற்பாள். அந்த வழியாக வருகிறவர்களை நிறுத்தி, ஒவ்வொருவர் உடம்பிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுவாள். "இன்னொருத்தி இப்படி நிற்க வேண்டாம்," என்பாள்.

அன்று முதல்தான் எங்கள் மலையில், மாட்டின் காதையும், காட்டுக்குப் போய் வந்தவரின் முழங்கால் மடிப்பையும் வீட்டார் தடவிப் பார்க்காமல் யாரும் வாசற்படி ஏறுவதில்லை.